பொடிக்கீரை இல்லாத பாத்தி

கீரை விதையைத் தனியாகத் தூவ முடியாது. கடுகைவிடச் சின்னது, விரலில் ஒட்டிக்கொள்ளும், காற்றில் போய்விடும், விழுந்தால் ஒரே இடத்தில் குவியலாக விழும். அதனால் மணலோடு கலந்து தூவுவோம். எவ்வளவு மணல் என்பது அவரவர் கைப்பழக்கம். எங்கள் வீட்டில் ஒரு பிடி விதைக்கு இரண்டு பிடி மணல். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம் நான் அதை ஆறு பிடி ஆக்கினேன். என் கெட்டிக்காரத்தனங்களிலேயே பெரியது அதுதான். அன்றைக்கு என்னை மெச்சாதவர்கள் இல்லை.

திருத்தணி மலைக்குத் தெற்கே, நந்தியாற்றங்கரையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கவலைக் கிணறும் இருந்தன. என் வீட்டுக்காரர் காலையும் மாலையும் மாட்டைப் பூட்டிக் கவலை ஓட்டுவார். தோல் சாலில் ஏறும் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து பாத்திகளுக்கு ஓடும். விதைப்பது, களை பிடுங்குவது, அறுப்பது, கட்டுவது எல்லாம் பெண்கள் வேலை. பெண்கள் என்றால் நானும் என் ஓரகத்தியும்தான். என் கொழுந்தனார் அவளைக் கட்டிய எட்டாவது மாதம் பட்டாளத்து ரோடு வேலைக்கு என்று அசாம் பக்கம் போய்விட்டார். எப்போதாவது ஒரு கடுதாசி வரும்.

அவள் நகரிப் பக்கத்துப் பெண். அப்பாவை நைனா என்பாள், என் வீட்டுக்காரரைப் பாவா என்பாள், என்னை அக்கா என்பாள். தமிழும் தெலுங்கும் அவள் வாயில் ஒரே பேச்சாக வரும். வந்த புதிதிலேயே பாத்தி வேலை பழகிவிட்டாள். கை வேகம். எனக்கு நாக்கு வேகம். அதனால் வீட்டில் சத்தம் முழுக்க என்னுடையதாகவே இருந்தது.

அதுவரை நாங்கள் முளைக்கீரைதான் போட்டுவந்தோம். நெருக்கமாகத் தூவுவோம். பத்துப் பன்னிரண்டு நாளில் பாத்தி பாய் விரித்தாற்போல ஆகிவிடும். அப்போது இடைவெளி விட்டு மீதியைப் பிடுங்க வேண்டும். இல்லாவிட்டால் எதுவும் தேறாது. அதைக் கலைப்பது என்போம். கலைத்த பொடிக்கீரையை யாரும் வாங்க மாட்டார்கள், கட்டவும் வராது, ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். அது வீட்டுக்கு. வாரத்துக்கு ஒரு பாத்தி விதைப்பதால் ஏதாவது ஒரு பாத்தியில் கலைப்பு இருந்துகொண்டே இருக்கும். இரண்டு நாளைக்கு ஒரு தரம் சட்டியில் போட்டு, ஒரு பச்சை மிளகாய், நாலு பல் பூண்டு, சொட்டு எண்ணெய் விட்டுக் கடைந்தால் களிக்கு அதுதான் குழம்பு. நின்று வளர்ந்ததை இருபத்தைந்தாம் நாள் வேரோடு பிடுங்கி, கழுவி, கட்டுக் கட்டி மலையடிவாரத்துத் தெருவில் கொண்டுபோய் விற்போம். விற்பது ஒரு கீரை, தின்பது அதன் தம்பி என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் அரக்கோணத்துப் பக்கம் பட்டாளத்து முகாம் வந்தது. ஆயிரக்கணக்கான பேருக்குச் சமையல். அந்த முகாமுக்குக் காய்கறி சேர்த்துக் கொடுத்த ஒரு சாயபு எங்கள் ஊர்ப் பக்கமும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர். பேச்சைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"கட்டுக் கணக்கு நம்மகிட்ட இல்லம்மா. தராசுதான். எவ்ளோ எடை கீதோ அவ்ளோ எடுத்துக்கறேன். தண்டு மொத்தமா இருந்தாலும் பரவால்ல, அங்க எல்லாத்தையும் வெட்டி ஒண்ணாப் போட்டுடுவாங்க."

தராசு என்றதும் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இலைக்கு என்ன எடை இருக்கிறது? ஒரு கூடை முளைக்கீரையை ஒரு விரலால் தூக்கலாம். அதே செடியை நாற்பது நாள் விட்டால் தண்டு கட்டைவிரல் பருமனாகும், உள்ளே தண்ணீர் கட்டிக்கொள்ளும், கூடையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அப்படித் தண்டு பருக்க வேண்டுமானால் ஒவ்வொரு செடிக்கும் இடம் வேண்டும். ஆரம்பத்திலேயே இடம் விட்டுத் தூவிவிட்டால் கலைக்கும் வேலையும் இல்லை, பிடுங்கி எறியும் விதையும் இல்லை. ஆறு பிடி மணல். ஊரில் யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியது.

ஓரகத்திதான் விதை கலக்கிக்கொண்டிருந்தாள். நான் மேலும் மேலும் மணலைப் போடுவதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"இம்மாம் மண்ணு போட்டா கலைக்க ஒண்ணும் இருக்காதேக்கா?"

"அதுக்குத்தானேடி போடறேன்."

"அப்ப நமுக்கு?"

"நமுக்கு இன்னா? நாப்பது நாள் செடியில மிச்சம் மீதி இல்லாமயா பூடும்? தண்டு துன்னா வவுறு ரொம்பாதா?"

அவள் மணலைக் கலந்தாள். அவள் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நான் நின்று பதில் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. நாற்பதாம் நாள் தராசுத் தட்டு தரையைத் தொட்டது. அறுப்புக்கு முன்தினம் மாலை பாத்தி நிறையத் தண்ணீர் கட்டிவிட்டால் விடிவதற்குள் தண்டு குடித்துக்கொள்ளும்; தராசில் தண்ணீரும் எடைதான் என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். எங்களுக்கு மிஞ்சியது அடித்தண்டும், பூச்சி தின்ற இலையும், பூ மொட்டுக் கட்டிய நுனியும். புளி ஊற்றிக் குழம்பு வைப்போம். வயிறு நிறைந்தது, அதில் குறை சொல்ல முடியாது. வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை பச்சை. அந்தப் பச்சையில் எங்கள் வாய்க்கு வந்தது வெள்ளைத் தண்டு.

நாள் ஆக ஆகச் செடி தன் சத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது என்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் எல்லாம் இலையில் இருக்கிறது. பிறகு தண்டு அதை நாராக்கிக்கொண்டு நிமிர்கிறது. பூ வந்துவிட்டால் மிச்சமும் விதைக்குத்தான். அடியிலிருந்து இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கும். பார்த்தேன். ஆனால் தராசுக்கு அது தெரியாது, எனக்கும் அது தெரிய வேண்டியிருக்கவில்லை.

இப்படி மூன்று நாலு அறுப்பு போனது. அவள் உண்டாகியிருந்தாள். கொழுந்தனார் அசாமுக்குப் போகும்போதே வயிற்றில் இருந்திருக்கிறது. போன பிறகுதான் தெரிந்தது. எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம், பிள்ளை இல்லை. கிருத்திகை தவறாமல் மலை ஏறியவள் நான். அவளுக்கு ஏறாமலே கிடைத்துவிட்டது என்று எரிச்சல் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அந்த எரிச்சலுக்கு நான் வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டேன். அவள் மெதுவாக நடந்தால் சோம்பல் என்றேன், உட்கார்ந்தால் சொகுசு என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பொழுது சாய்ந்து மலைமேல் விளக்குத் தெரிந்ததும், யார் எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே நிமிர்ந்து அந்தத் திசையில் ஒரு கும்பிடு போடுவோம். கையில் அரிவாள் இருந்தால் அதோடு. ஆறு மாதம் முடிந்த சமயம், அவள் கும்பிடு தள்ளிப்போக ஆரம்பித்தது. நாங்கள் கும்பிட்டு முடித்த பிறகு கும்பிடுவாள். ஒருநாள் பார்த்தால் மலை ஒரு பக்கம் இருக்க இவள் வேறு பக்கம் திரும்பிக் கைகூப்பிக்கொண்டிருக்கிறாள்.

"சாமி அங்க கீது, நீ இன்னாடி புளியமரத்தக் கும்புட்டுகினு கீறே?" என்றேன்.

சிரித்துக்கொண்டே திரும்பினாள். என் குரல் வந்த பக்கம் திரும்பினாள். அதற்கும் நான் சிரித்தேன்.

பிறகு மாலையானால் வாசற்படி இடறுவது, சொம்பைத் தட்டிவிடுவது, அடுப்படியில் உட்கார்ந்தால் எழுந்திருக்காதது. பகலெல்லாம் என்னைவிட வேகமாக வேலை செய்கிறவளுக்குப் பொழுது சாய்ந்தால் மட்டும் என்ன வந்துவிடும்? மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஒரு விளக்கெண்ணெய்த் திரி மட்டும் அடுப்பு மாடத்தில் எரியும். அந்த வெளிச்சத்தில் அவள் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதைப் பார்த்து, பாசாங்கு என்றுதான் முடிவு கட்டினேன். கண் மங்குகிறது என்று அவள் சொன்னபோது, பாவாவிடம் பரிவு வாங்கப் பார்க்கிறாள் என்றுகூட ஒருநாள் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு கண்ணைப் பற்றி அவள் ஒரே ஒரு தரம்தான் வாயைத் திறந்தாள்.

மறுநாள் விடியற்காலை வண்டி வர வேண்டிய ஒரு மாலை. தண்ணீர் கட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார், நான் கூடைகளை மூடச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். முதல் பாத்தி நிறைந்திருக்கும், மடையை அடைத்து அடுத்த பாத்திக்குத் திறந்துவிட வேண்டும். அவளைப் போகச் சொன்னேன்.

"அக்கா, கண்ணு இருட்டிகினு வருதுக்கா. நீ போயாறியா?"

"பொழுது சாஞ்சா போதும், உனுக்கு மட்டும் இருட்டும். மலவெளக்கு இன்னும் வெக்கவே இல்ல. எனுக்கு நல்லாத் தெரியுது."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் போன வழி எனக்கு இப்போதும் தெரியும்: வாய்க்கால் ஓரமாக, இடது காலால் வரப்பைத் தேய்த்துத் தேய்த்து. மடையை ஒழுங்காகத்தான் மாற்றியிருக்கிறாள். திரும்பும்போது வாய்க்கால் கரை என்று நினைத்து, கிணற்றடியில் மாடுகள் இறங்குகிற சரிவுப் பள்ளத்தின் கரையில் கால் வைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் கத்தியது கேட்டது. நான் ஓடியபோது அவள் பள்ளத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். இரண்டு கைகளும் வயிற்றைப் பிடித்திருந்தன. மாடுகள் அவளை மிதிக்காமல் நின்றிருந்தன.

மறுநாள் முழுக்க வலி. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் குழந்தை பிறந்தது. பெண். அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் ஊதினாள், பிறகு பழைய வேட்டித் துணியில் சுற்றி என்னைப் பார்த்தாள்.

"குடுக்கா. ஒரு தபா பாக்கறேன்" என்றாள் அவள்.

கொடுத்தேன். மாடத்துத் திரி அவள் தலைக்குப் பின்னால் எரிந்தது. துணியை விலக்கினாள். முகத்தருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். பிறகு விரலால் தடவினாள். தலை, நெற்றி, புருவம், மூக்கு, உதடு, காது.

"தெரிலக்கா" என்றாள். "வெறும் இருட்டா கீது. காலைல வரிக்கும் வெச்சிருக்கலாமா? காலைல எனுக்கு நல்லாத் தெரியும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இத்தனை நாளாக அவள் சொன்னதெல்லாம் நிஜம் என்று. மருத்துவச்சி கூடாது என்று தலையாட்டினாள். அப்படிப் பிறந்ததை ராத்திரி தங்கவைக்க மாட்டார்கள். நான் வாங்கிக்கொண்டு வெளியே போனேன். என் வீட்டுக்காரர் நிலத்தின் மூலையில் குழி எடுத்து வைத்திருந்தார்.

உள்ளே வந்ததும் அவள் கேட்டாள், "யாரு ஜாடைக்கா?"

"உன் ஜாடதான்" என்றேன்.

அன்று காலை வெறுமனே திருப்பி அனுப்பிய வண்டி, இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. சாயபுவிடம் அவளுக்குப் பொழுது சாய்ந்தால் கண் இருட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தராசை வண்டியிலிருந்து இறக்கவேயில்லை.

"அம்மா, கோச்சிக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். இது மாலக்கண்ணுங்க. என் சம்சாரத்துக்கும் நாலாவது புள்ளக்கி முன்ன வந்துது. அரக்கோணத்துல டாக்டரம்மாகிட்ட காட்டினோம். ஈரல் குடு, கீர குடுன்னாங்க. தண்டு இல்லீங்க, எல. பூ வெக்கறதுக்கு முன்ன கிள்ளின பச்ச எல, சொட்டு எண்ண வுட்டு. பத்து நாள்ல தெளிஞ்சிபோச்சி." கொஞ்சம் நிறுத்தி, எங்கள் பாத்திகளைப் பார்த்தார். "உங்க ஊட்டுல இல்லாத கீரயாங்க."

அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள்கூட என்னைவிட மேல். நான் அலையக்கூட இல்லை; வெண்ணெயை வண்டியேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே ஒரு பாத்தியைக் கொத்தி, விதையில் பாதிக்குப் பாதி மணல் போட்டு, நெருக்கித் தூவினேன். அது வளரும் வரை பக்கத்துக் கொல்லை முருங்கையிலிருந்து கொழுந்தாகப் பறித்துவந்தேன். சாயபு இரண்டு தரம் ஆட்டு ஈரல் கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் முதல் கலைப்பு. ஒரு பிடி கீரை. சட்டியில் போட்டால் அரைப் பிடி ஆகிவிடும். கடைந்து, களியோடு அவளுக்கு ஊட்டிவிட்டேன். வேண்டாம் என்றாள், நானே துன்றேன் என்றாள். நான் விடவில்லை. அவள் தின்னும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்கு நாலைந்து நாள் கழித்து ஒரு மாலை, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள்.

"அக்கா, வெளக்கு தெரிதுக்கா."

மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான இடத்தில், சரியான நேரத்தில் கைகூப்பினாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. அது தீராத நோயாக இருந்திருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும். கொஞ்சம் பொடிக்கீரையில் போகிற நோய். கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று ஊரில் சொல்வார்கள். இங்கே கண் திரும்பிவந்துவிட்டது, பார்க்க வேண்டியதுதான் போய்விட்டது. கைகூப்பி முடித்தவள் நிலத்தின் மூலையை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

யுத்தம் முடிந்து கொழுந்தனார் திரும்பி வந்தார். முகாம் காலியாயிற்று. சாயபு அரக்கோணத்திலேயே கடை வைத்துவிட்டார். அவளுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள், இரண்டு பேரையும் குளிப்பாட்டி வளர்த்தது நான். அதன் பிறகு ஒரு நாளும் எங்கள் பாத்தியில் கலைப்பு இல்லாமல் இருந்ததில்லை. தராசுக்கு விற்பவர்கள் விற்றுக்கொண்டார்கள். நாங்கள் இருபத்தைந்தாம் நாள் பிடுங்கிவிடுவோம்.

ஆனால் அவள் அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்பதை நிறுத்தவில்லை. வருஷத்துக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ, பாத்தியில் எதிரெதிரே குந்திக் கலைத்துக்கொண்டிருக்கும்போது, கையை நிறுத்தாமலே கேட்பாள்.

"முடி இருந்துச்சாக்கா?"

"ஆங், நெறய. சுருட்ட முடி."

"மூக்கு?"

"எடுப்பா இருந்துச்சி. உன்னுது மாதிரியே."

அவள் தலையாட்டுவாள். ஒரு வருஷம் நிறம் கேட்டாள், ஒரு வருஷம் காது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நாற்பது வருஷத்தில் ஒரு முழு முகத்தைச் சொல்லி முடித்துவிட்டேன்.

நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. இதை இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. அன்று வாசலைத் தாண்டியதும் வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒரு விரலால் துணியை விலக்கியிருந்தால் போதும். என்னால் முடியவில்லை. துணியை இழுத்து மூடி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மலையையே பார்த்துக்கொண்டு நடந்துபோய் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அவரும் பிரிக்காமல்தான் இறக்கினார். கண் தெரியாதவள் பார்க்கத் தவித்தாள். கண் தெரிந்த நான் பார்க்கவில்லை.

போன மாசியில் அவள் படுத்துவிட்டாள். எழுந்திருக்க மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு மத்தியானம் நான் கீரைக் கடைசலைக் குழைத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கினாள். மூன்றாவதற்குக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவளுக்கு மூக்கு சப்ப."

நான் புரியாததுபோல் சட்டியைக் கிளறினேன்.

"என் வெரலுக்குத் தெரியாதா? மூக்கு சப்ப. தலைல முடியே இல்ல, வழவழன்னு கீந்துச்சி. நீ பாக்கலன்னு எனுக்கு மொத வருசமே தெரியும்."

"அப்பறம் ஏன்டி கேட்டே? இத்தினி வருசமா?"

"இன்னா பண்றது? நானும் பாக்கல. நீயும் பாக்கலன்னு சொல்ட்டா, அவ வந்ததே இல்லன்னு ஆயிடாதா?"

கை சட்டியிலேயே நின்றுவிட்டது. அவள் என் கையைத் தட்டினாள். "மிச்சத்தையும் குடு. ஆறிபூடும்" என்றாள்.

கொடுத்தேன். சட்டியை வழித்துத் தின்றாள்.